தையல்கடை வெட்டுத் துண்டுகளில் ஒட்டுப் போர்வை: எந்தக் கோளாறுக்கு எது காரணம்

தையல்கடையில் கேட்டால் ஒரு பை நிறைய வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஜாக்கெட்டில் மிஞ்சிய ரூபியா, சுடிதாரில் மிஞ்சிய ரேயான், சட்டை வெட்டிய பாப்ளின், லைனிங், இடையிடையே சாட்டின், ஜார்ஜெட், காலருக்கு வைக்கும் கேன்வாஸ். இவற்றைச் சதுரமாக வெட்டி இணைத்துப் போர்வை தைக்கத் தொடங்கும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஓரம் நெளிகிறது, சதுரங்கள் பொருந்தவில்லை, முதல் சலவையிலேயே சாயம் ஓடிவிடுகிறது. மெஷினில்தான் குறை என்று டென்ஷனைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் குறை அந்தப் பையில்தான் இருக்கும். துண்டுகளைப் பிரிக்காமல் கைக்கு வந்ததை எடுத்துத் தைத்ததன் விளைவு, போர்வை முடிந்த பிறகு கண்ணில் படுகிறது.

கோளாறு எப்படித் தெரியுமோ அப்படியே கீழே தலைப்பாக வைத்திருக்கிறோம். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். சிறு துண்டுகள் சேர்ந்து உருவாகும் சதுரத்தைக் "கட்டம்" என்றும், தையலுக்கு வெளியே விடும் ஓரத் துணியைப் "பிடிப்பு" என்றும் சொல்கிறோம். போர்வைக்கு மூன்று அடுக்கு: மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி.

"பை நிறையத் துண்டு இருக்கிறது, எடுத்தால் எதுவும் எதோடும் சேரவில்லை"

நிறம் பார்த்துப் பிரித்திருப்பீர்கள். எல்லோரும் செய்வது அதுதான், அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரே சிவப்புக் குவியலில் பாப்ளினும் சாட்டினும் ரேயானும் கலந்து கிடக்கும். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் இழை, அடுத்து கனம், பிறகு அளவு, அதன் பின்தான் நிறம்.

இழையைக் கண்டுபிடிக்கத் தீச்சோதனையைவிட நம்பகமான வழி வீட்டில் இல்லை. எவர்சில்வர் தட்டு, இடுக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். துண்டின் ஓரத்திலிருந்து நாலைந்து நூல் உருவி, திரித்து, நுனியில் தீ வையுங்கள். பருத்தி சட்டென்று எரியும், காகிதம் எரியும் வாசனை வரும், விரலில் தேய்த்தால் பூப்போல உதிரும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும், ஆறியபின் கறுப்பு மணியாக இறுகிவிடும், நசுக்க முடியாது. பட்டு மெதுவாக எரிந்து தானே அணையும், முடி பொசுங்கும் வாசனை. காகித வாசனையும் வந்து கெட்டி மணியும் மிஞ்சினால் அது டெரிகாட்டன். பள்ளிச் சீருடைத் துண்டுகள் பலவும் இந்த வகைதான்.

ரேயான்தான் ஏமாற்றும். அதுவும் காகிதம்போலவே எரியும். அதற்குத் தண்ணீர்ச் சோதனை: நூலின் நடுவில் ஒரு சொட்டு நனைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். ஈரமான இடத்திலேயே சுலபமாக அறுந்தால் ரேயான். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

பையில் உள்ள ஒவ்வொரு துண்டையும் எரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஒரே துணியிலிருந்து வந்தவற்றை முதலில் சேர்த்துவிட்டால், இருநூறு துண்டுப் பையும் இருபது முப்பது துணியாகக் குறைந்துவிடும். துணிக்கு ஒரு சோதனை போதும்.

இப்போது ஐந்து குவியல் போடுங்கள். முதல் குவியலில் பாப்ளின், கேம்ப்ரிக், ரூபியா, நடுத்தரக் கைத்தறி: போர்வைக்கு இதுதான் முதுகெலும்பு. இரண்டாவதில் மல், வாயில் போன்ற மெல்லிய பருத்தி. மூன்றாவதில் ஜீன்ஸ், கேன்வாஸ், கனமான பேன்ட் துணி. நான்காவதில் ரேயான், பட்டு, சாட்டின், ஜார்ஜெட், ஷிபான் போல வழுக்கும் எல்லாம். ஐந்தாவதில் பனியன் துணி. டெரிகாட்டன் பருத்தியோடு சேரும், ஆனால் சூடான இஸ்திரியைத் தாங்காது என்பதால் தனியாக ஒரு கட்டு கட்டி வையுங்கள். ஒரு போர்வை என்றால் ஒரு குவியல். குவியல் மாறினால், துவைத்தபின் சில சதுரம் உப்புவதாகக் கீழே சொல்லும் கோளாறு வரும்.

அளவில் சிக்கனம் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு சின்னத் துண்டானாலும் வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், கணக்கு வேறு சொல்கிறது. நாலு பக்கமும் கால் இன்ச் பிடிப்பு போனால், 1 இன்ச் சதுரத்தில் மேலே தெரிவது அரை இன்ச் சதுரம்: துணியில் கால் பங்குதான் கண்ணுக்கு, முக்கால் பங்கு உள்ளே மடிகிறது. 1½ இன்ச்சில் 44 சதவீதம் தெரியும். 2½ இன்ச்சில் 64, 5 இன்ச்சில் 81 சதவீதம். ஆகவே 1½ இன்ச்சுக்குக் குறைந்ததை இணைப்புக்கு வைக்காதீர்கள். அது தலையணைத் திணிப்புக்குப் போகட்டும். மிஞ்சியதை 5 இன்ச் சதுரம், 2½ இன்ச் சதுரம், 2½ இன்ச் அகலப் பட்டை, 1½ இன்ச் பட்டை என்று நாலு அளவில் மட்டும் வெட்டி வையுங்கள். வளைவான துண்டிலிருந்து அதில் அடங்கும் பெரிய அளவை எடுங்கள். நாலு அளவுக்கு மேல் வைத்துக்கொண்டால் பெட்டிகள்தான் பெருகும்.

வெட்டுவதற்கு அட்டை அச்சு நாலைந்து தடவையிலேயே ஓரம் தேய்ந்து சின்னதாகிவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை அளந்து வெட்டி வைத்தால் நூறு தடவைக்கும் அளவு மாறாது, ஊடே துணியின் பூவும் தெரியும். சாக்கட்டி மழுங்கியிருந்தால் கோடே தடித்துவிடும். கூராக்கி, கோட்டின் உள்பக்கத்தில் வெட்டுங்கள்.

எவ்வளவு துணி வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 60-க்கு 90 இன்ச் ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 6 இன்ச் கட்டங்கள் 150 (பத்துக்குப் பதினைந்து). ஒரு கட்டத்துக்கு 2½ இன்ச் சதுரம் ஒன்பது என்றால் 1,350 சதுரம். சதுர மீட்டருக்கு 120 கிராம் உள்ள பாப்ளினில் அந்தச் சதுரங்கள் மட்டும் ஏறத்தாழ 650 கிராம் வரும். கோணல் மாணலான துண்டுகளிலிருந்து வெட்டும்போது கழிவு போகும் என்பதால், முதல் குவியலில் குறைந்தது 1 கிலோ சேர்ந்த பிறகு தொடங்குங்கள்.

"ஒரே அச்சில் வெட்டினேன், கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு"

இது பிடிப்பில் வரும் பிழை. 2½ இன்ச் சதுரம் ஒன்பதைச் சேர்த்தால் கட்டம் 6½ இன்ச் இருக்க வேண்டும், பக்கத்துக் கட்டத்தோடு சேர்ந்த பின் 6 இன்ச். பிடிப்பு ஒரு இன்ச்சில் 16-ல் ஒரு பங்கு கூடினாலும், அது இரண்டு துணியிலும் சேர்ந்து குறைவதால் ஒரு தையலுக்கு அரைக்கால் இன்ச் போய்விடும். கட்டத்துக்குள் இரண்டு தையல், எனவே 6½ இருக்க வேண்டியது 6¼ ஆகும். பத்துக் கட்டம் உள்ள வரிசையில் மொத்தம் 29 தையல். மூன்றரை இன்ச்சுக்கு மேல் காணாமல் போயிருக்கும். துணி சுருங்கிவிட்டது என்று நினைப்பீர்கள், அது பிடிப்புக்குள் மடிந்து கிடக்கும்.

பாதத்தின் விளிம்பை அளவாக வைத்துத் தைப்பதுதான் பழக்கம். கால் மெஷினிலும் சாதாரண வீட்டு மெஷினிலும் பாதத்தின் விளிம்பு ஊசியிலிருந்து கால் இன்ச் தள்ளி இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். பாதத்தை இறக்கி, ஊசியை ஒரு ஸ்கேலின் மேல் கையால் மெதுவாக இறக்கிப் பாருங்கள். கால் இன்ச் கோடு எங்கே வருகிறதோ அங்கே மெஷின் தட்டின் மேல் பழைய ஏடிஎம் கார்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் கார்டின் விளிம்பை உரசிக்கொண்டே போகும், தானாக நேராகும்.

பிறகு சோதனை: 1½ இன்ச் பட்டைகள் மூன்றைத் தைத்து, பிடிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டு அளங்கள். மொத்த அகலம் சரியாக 3½, நடுப்பட்டை சரியாக 1 இன்ச் வர வேண்டும். கார்டு சரியாக இருந்தும் மயிரிழை குறைந்தே வரும், ஏனென்றால் துணி மடியும் இடமே கொஞ்சம் அகலத்தைத் தின்னும். கார்டை ஒரு நூல் கனம் ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். பிரித்துத் தைக்க இரண்டு நாள் ஆகும்.

ஏற்கனவே தைத்துவிட்ட கட்டங்கள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் பிரிக்க வேண்டாம். எல்லாவற்றிலும் சின்னதை அளந்து, மற்றவற்றை நாலு பக்கமும் சமமாகக் குறைத்து அந்த அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஓரச் சதுரங்கள் சற்றுச் சிறுத்துத் தெரியும், அவ்வளவுதான். வித்தியாசம் அரை இன்ச்சுக்கு மேல் போனால் கட்டங்களுக்கு இடையில் வெள்ளைப் பட்டை வைத்து இணையுங்கள். கட்டத்தைச் சுற்றிப் பட்டை தைத்து, பட்டையின் வெளி ஓரத்தை ஒரே அளவுக்கு வெட்டினால் உள்ளே உள்ள வித்தியாசம் கண்ணில் படாது.

"கட்டம் தட்டையாகப் படுக்கவில்லை, ஓரம் அப்பளம் மாதிரி நெளிகிறது"

தையல்கடைத் துண்டுகளுக்கே உரிய கோளாறு இது. கடையில் மீட்டராக வாங்கிய துணியில் இவ்வளவு வராது. ஜாக்கெட்டில் கழுத்து, அக்குள், கை வளைவு வெட்டும்போது விழும் துண்டுகளில் ஒரு பக்கமாவது கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, இருக்கும். கிராஸ் ஓரம் இழுபடும். மெஷினின் பல் கீழ்த்துணியை இழுக்கும்போதும், இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கும்போதும் நீண்டுவிடும், திரும்பி வராது.

துண்டில் எது நேர் என்று பாருங்கள். கரை இருந்தால் அதற்கு இணையாகப் போவது பாவு. கரை இல்லையென்றால் மூன்று திசையில் இழுத்துப் பாருங்கள்: கொஞ்சமும் கொடுக்காதது பாவு, சிறிது கொடுப்பது ஊடை, நன்றாக நீள்வது கிராஸ். எக்ஸ்ரே அச்சில் ஒரு நேர்கோடு கீறி வைத்து, அந்தக் கோடு பாவு நூலோடு சேரும்படி துண்டின்மேல் வைத்து வெட்டுங்கள். இப்படி வெட்டினால் ஒரு துண்டிலிருந்து கிடைக்கும் சதுரங்கள் குறையும். குறைந்தாலும் பரவாயில்லை.

கிராஸைத் தவிர்க்கவே முடியாத துண்டுகளுக்குக் கஞ்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி ஜவ்வரிசி போட்டுக் காய்ச்சி வடிகட்டியது போதும். வடித்த சோற்றுக் கஞ்சியையும் நீர்க்கப் பயன்படுத்தலாம். துண்டை முக்கி, பிழியாமல் அழுத்தி எடுத்து, நிழலில் காய்ந்து ஈரம் சற்று இருக்கும்போதே இஸ்திரி போட்டு, அதன் பிறகு அச்சு வைத்து வெட்டுங்கள். வெட்டிய பிறகு கஞ்சி போட்டால் ஈரத்திலேயே கோணிவிடும். கஞ்சி போட்ட துண்டுகளை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். அந்த வாரம் தைக்கப் போவதற்கு மட்டும் போடுங்கள்.

இஸ்திரி போடும் விதமும் காரணம். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் ஓட்டினால் கிராஸ் ஓரம் பாகுபோல நீளும்.

எல்லாத் துண்டும் கிராஸாகவே இருந்தால் அடித்தளத்தின்மேல் தைப்பது நல்ல வழி. பழைய வேட்டியை 6½ இன்ச் சதுரமாக வெட்டி, அதன் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு பட்டையை வைத்து, அடுத்த பட்டையை முதல் பட்டையின்மேல் நல்ல பக்கம் உள்ளாகக் கவிழ்த்துத் தைத்து, திருப்பிப் படிய வைத்து, இப்படியே இரண்டு பக்கமும் மூலை வரை நிரப்புங்கள். வேட்டித் துணி நேராக இருப்பதால் மேலே உள்ள பட்டை எந்தத் திசையில் இருந்தாலும் கட்டம் இழுபடாது. வேட்டி உள்ளேயே தங்கிவிடும், நடுவில் ஓர் அடுக்கும் கிடைத்துவிடும். செய்தித்தாளை அடித்தளமாக வைப்பவர்களும் உண்டு. அதில் இரண்டு தொல்லை: வெள்ளைத் துணியில் மை ஏறும், கிழித்தெடுக்கும்போது தையல் இழுபடும். வேட்டி கிடைக்கும் ஊரில் காகிதம் எதற்கு?

போர்வையின் வெளி ஓரம் மட்டும் நெளிந்தால் அது சுற்றுப்பட்டை தைத்த முறையில் வந்தது. ஓரத்தோடு ஓரமாகப் பட்டையை வைத்துத் தைத்துக்கொண்டே போய் முடிவில் வெட்டியிருப்பீர்கள். போர்வையின் நடுவில் குறுக்கே அளந்து, அந்த அளவுக்கே பட்டையை வெட்டி, நடுவும் இரு முனையும் முதலில் குண்டூசி குத்தி, ஓரத்துத் துணியின் மிகுதியை இடையில் பரப்பித் தைக்க வேண்டும்.

"நாலு சதுரம் சேரும் மூலை விலகுகிறது"

பிடிப்பு இரண்டு வரிசையிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். முதல் வரிசையின் பிடிப்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் பிடிப்புகளை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வைத்துச் சேர்க்கும்போது இரண்டு மேடும் ஒன்றின் தோளில் ஒன்று இடித்து நிற்கும், விரலாலேயே உணரலாம். அந்த இடத்தில் குண்டூசி, மேல் பிடிப்பு ஊசியை நோக்கி இருக்கும்படி தைத்தால் நகராது.

"துவைத்தபின் சில சதுரம் உப்பி, சில சதுரம் இழுத்துப் பிடித்திருக்கிறது"

முதல் தலைப்பில் சொன்ன குவியல் கலப்பு. பருத்தி முதல் சலவையில் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, ரேயான் பருத்தியைவிட அதிகம் சுருங்கும். தைத்து முடித்த போர்வையில் இதற்கு முழுத் தீர்வு இல்லை. உப்பிய சதுரங்களின் நடுவில் கையால் ஒரு ஓடு தையல் கூட்டினால் உப்பல் அடங்கும்.

அடுத்த முறைக்கு, வெட்டுவதற்கு முன் துவையுங்கள். சின்னத் துண்டுகளை அப்படியே மெஷினில் போட்டால் நூல் பிரிந்து பந்தாகிவிடும். வலைப்பையிலோ பழைய வேட்டியில் மூட்டையாகவோ கட்டி, வாளியில் வெந்நீர் ஊற்றி அரை மணி ஊறவிட்டு, அலசி, பிழியாமல் உதறிக் காய வைத்தால் போதும்.

"சாயம் இறங்கிப் பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது"

முதலில், காய விடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை மீட்க வழி உண்டு. பெரிய அண்டாவிலோ தொட்டியிலோ போர்வை முழுவதும் மூழ்கி மிதக்கும் அளவு வெந்நீர், கை பொறுக்காத சூடு, அதில் சலவைத் தூள். போர்வையின் எந்தப் பகுதியும் தண்ணீருக்கு மேலே துருத்த வேண்டாம், துருத்தும் இடத்தில் சாயம் படிந்துவிடும். சில மணி நேரம் ஊறவிட்டு, நிறம் ஏறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர். தெளிவாக வரும்வரை மூன்று நாலு தடவை ஆகலாம். உள்ளே பட்டு இருந்தால் இந்தச் சூடு ஆகாது. முதல் பகுதியில் பட்டைத் தனியாகப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பது வீடுகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை. சாயப் பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு: சாயத் தொட்டியில் இருக்கும் சாயத்தை நூலுக்குள் தள்ள உதவும். முடிந்துபோன துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் மிச்சச் சாயத்தை உப்போ வினிகரோ பிணைக்காது. அது வெளியே வந்தே தீர வேண்டும், தைப்பதற்கு முன்பே வரவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

அடர் சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, எல்லாச் சுங்குடித் துண்டும், அடர்நிறக் கைத்தறியும் சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும். துண்டை நன்றாக நனைத்து வெள்ளை வேட்டித் துணியின்மேல் வைத்து, சூடான இஸ்திரியை அழுத்துங்கள். கறை விழுந்தால் தனியாக வெந்நீரில் அலசி மறுபடி சோதியுங்கள். மூன்றாம் முறையும் கறை விழும் துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். அடர்நிறங்கள் மட்டும் உள்ள விரிப்புக்கு அது பொருந்தும்.

"தையல் பக்கத்தில் நூல் பிரிந்து ஓட்டை விழுகிறது"

நெருக்கம் குறைந்த நெசவு. கைத்தறி, ரேயான், பட்டு, ஜரிகைத் துண்டுகளில் வரும். இவற்றுக்குக் கால் இன்ச் பிடிப்பு போதாது. அரை இன்ச்சில் முக்கால் பங்கு, அதாவது ⅜ இன்ச் விடுங்கள், அதற்கேற்ப அச்சையும் பெரிதாக்குங்கள். தையல் நீளம் 2 மில்லிமீட்டர், இன்ச்சுக்கு 12 தையல். இன்னும் சிறிதாக்கினால் உறுதி கூடாது, ஊசித் துளைகள் நெருங்கி அந்தக் கோட்டிலேயே பட்டு கிழியும். வழுக்கும் துணிக்கு அடியில் மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டிவிட்டு வெட்டினால் நூலும் பிரியாது, நழுவவும் செய்யாது.

பழைய பட்டுப் புடவையில் மடிப்பு விழுந்த இடங்களில் துணி ஏற்கனவே இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். அந்தப் பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டுமானால் ஆகும்.

விழுந்துவிட்ட ஓட்டைக்கு மேலே ஒரு சதுரத்தை ஓரம் மடித்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத கைத்தையல் போடுங்கள். ஒட்டுப் போர்வையில் ஒட்டுப் போட யாரும் வெட்கப்பட வேண்டாம்.

"பனியன் துணி ரப்பர் மாதிரி இழுக்கிறது"

திருப்பூர்ப் பக்கம் கிலோக் கணக்கில் கிடைக்கும் என்பதால் பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள். அது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் ஒன்று நீண்டு ஒன்று நிற்கும். சேர்க்கவே வேண்டுமென்றால் பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ் ஒட்டி, நுனி உருண்டையான பனியன் ஊசி போட்டுத் தையுங்கள். சாதாரண ஊசி இழையைக் குத்தி அறுத்து, ஓட்டை ஓடும். எங்கள் கருத்தில், பனியன் துண்டுக்குப் போர்வையைவிட மிதியடிதான் பொருத்தம். 1 இன்ச் பட்டையாக வெட்டி இழுத்தால் தானே கயிறுபோலச் சுருளும், அதைப் பின்னிச் சுற்றித் தைத்தால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

"அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது"

அடியில் சிக்கினால் பாபினைக் கழற்றத் தோன்றும். குறை பெரும்பாலும் மேல் நூலில். பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் நூல் நுழையாது. பாதத்தைத் தூக்கி, முழுவதும் உருவி, மறுபடி கோத்துப் பாருங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சதுரத்தின் மூலையை ஊசித் துளை விழுங்குகிறதென்றால், முதலில் ஒரு வேண்டாத துண்டைத் தைத்து, நூலை அறுக்காமல் அதன் பின்னாலேயே உங்கள் சதுரத்தை நுழையுங்கள். சதுரத்தின் பின் சதுரமாக இப்படியே ரயில்போல ஓட்டிவிட்டு, எல்லாம் முடிந்தபின் நடுநூலை வெட்டிப் பிரிக்கலாம். நூலும் நேரமும் மிச்சம்.

ஊசி: பாப்ளினுக்கு 14, மல்லுக்கும் பட்டுக்கும் 11, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 16. எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். "டொக் டொக்" என்று சத்தம் கேட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

"மேலே நன்றாக இருக்கிறது, திருப்பினால் அடித்துணி மடிந்து தைத்திருக்கிறது"

மூன்று அடுக்கும் சரியாக இழையோட்டப்படவில்லை. அடித்துணி மேல்துணியைவிடப் பக்கத்துக்கு 4 இன்ச் பெரிதாக இருக்கட்டும். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்றை 98 இன்ச் நீளத்தில் இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால், மேலே சொன்ன ஒற்றைப் போர்வைக்கு அடித்துணி முழுமையாகக் கிடைத்துவிடும். தரையில் கவிழ்த்து விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இறுக்கி, மேலே பஞ்சு, அதன்மேல் மேல்துணி. 4 இன்ச்சுக்கு ஒரு வரி என்று பெரிய பெரிய கைத்தையலில் இழையோட்டி, பிறகு மெஷினில் நடுவிலிருந்து வெளியே நோக்கித் தையுங்கள். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள்.

பஞ்சு உள்ளே உருண்டு கட்டி தட்டினால் நடுவில் என்ன போட்டீர்கள் என்று பாருங்கள். இலவம்பஞ்சு வழுவழுப்பான குட்டை இழை, தலையணைக்கு அருமை, போர்வைக்குள் நிற்காது. உதிரிப் பருத்திப் பஞ்சுக்கு 2 இன்ச்சுக்கு ஒரு தையல் கோடு வேண்டும். தாளாக வரும் பஞ்சுக்கு 4 இன்ச் இடைவெளி தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு பழைய பருத்திப் புடவையே நடு அடுக்காகப் போதும், எத்தனை துவைத்தாலும் கட்டி தட்டாது.

கட்டமே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவாந்தி என்ற ஒட்டுப் போர்வையில், அடித்துணியாக ஒரு பழம்புடவையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கை ஓடு தையலால் நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே ஓட்டத்தில் முடியும். அளவு ஒத்துவராத, சதுரம் ஆகாத துண்டுகளுக்கு இதைப்போல் ஏற்ற முறை வேறில்லை. மெஷினும் வேண்டாம்.

"நிறமெல்லாம் சேர்ந்து கண்ணைக் குத்துகிறது"

நிறத்தைவிட வெளிர், அடர் வேறுபாடுதான் கோலத்தைக் காட்டும். துண்டுகளைத் தரையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவை பக்கத்தில் நின்று சண்டைதான் போடும். வெளிர், நடுத்தரம், அடர் என மூன்று கட்டு கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து அடர், நாலு வெளிர் என்று ஒரே விகிதத்தில் வையுங்கள். எல்லாக் கட்டத்திலும் பொதுவாக ஒரு துணி இருந்தால் போதும், காடாத் துணியானாலும் சரி, மற்ற இருபது துணியும் அதற்கு அடங்கிப் போகும்.

"மிஞ்சியதில் பிடிதுணி தைத்தேன், கை சுடுகிறது"

பாலியஸ்டர் கலந்திருக்கும், அல்லது பாலியஸ்டர் பஞ்சு உள்ளே இருக்கும். சூடான வாணலியில் அது உருகிக் கையோடு ஒட்டும். இதில் விளையாட்டு வேண்டாம். தீச்சோதனையில் முழுக்கப் பருத்தி என்று தெரிந்த துண்டுகள், உள்ளே பழைய பருத்தித் துண்டு அல்லது ஜீன்ஸ் இரண்டு மூன்று அடுக்கு, தைக்கும் நூலும் பருத்தி. ஈரப் பிடிதுணியால் சூட்டுப் பாத்திரத்தைத் தொடாதீர்கள், சூடு உடனே உள்ளே பாயும்.

"பெட்டியில் வைத்த துண்டுகளில் கரும்புள்ளி"

பூஞ்சை. அடைமழைக் காலத்தில் மூடிய பிளாஸ்டிக் பையில், முழுக்கக் காயாத துண்டுகளைக் கட்டி வைத்ததால் வருவது. துணிப்பைக்கு மாற்றி, மாதம் ஒருமுறை வெயிலில் உதறுங்கள். புள்ளி விழுந்ததை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வெந்நீரில் துவையுங்கள். புள்ளி போகாவிட்டால் அந்தத் துண்டு அடித்தளத்துக்கு, மேல்துணிக்கு வேண்டாம். பையின் வெளியே ஒரு சீட்டைக் குத்தி, இழை, அளவு, துவைத்ததா இல்லையா என மூன்றையும் எழுதி வையுங்கள்.